சாய்கோட்டில் சறுக்கிய பைத்தான்காரன்

நிரல் எழுதுவதில் அரைகுறையாக இருப்பவனுக்குத்தான் கணினி மொழிகளைப் பற்றிச் சண்டை போட நன்றாக வரும். நான் பைத்தான் கட்சி. மலேசிய நிரலர்கள் கூடும் ஓர் இணைய மன்றத்தில் ஜாவா மொழிக்காரர்களைக் கிண்டலடிப்பதுதான் அப்போது என் முழுநேர வேலை. (சம்பளம் கொடுத்தது செனாவாங் ஊரில் ஒரு தொழிற்சாலை, அது வேறு விஷயம்.) அங்கே ரவி என்றொரு ஜாவாக்காரர். அவர் நிதானமாக எதைச் சொன்னாலும், ஜாவா பழசு, மெதுவு என்று குத்த, "கிழட்டு லாரி கிளம்பிருச்சு" என்று பதில் போடுவேன்.

என் அக்கா கோலா கிளாவாங் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. பரிசளிப்பு விழாச் சான்றிதழ்களைப் பேனாவால் எழுதப் போனவளை நான்தான் தடுத்தேன். ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் ஒரு கோப்பு, பொத்தானை அழுத்தினால் முடிந்தது என்று அளந்தேன். அப்பா பெயரில்லாமல் என் பெயரை மட்டும் போட்டுச் சோதித்தபோது அழகாகத்தான் வந்தது. (பிழை வந்தால் சத்தமில்லாமல் தாண்டிப் போகவும் நிரலுக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன். எழுதியவனின் குணம்.)

விழாவன்று காலை பொத்தானை அழுத்தினேன். பள்ளி முழுவதற்கும் ஒரே ஒரு சான்றிதழ் வந்தது, ரஹீம் பின் காதர் என்ற பையனுக்கு. வெளியே பெற்றோர் வந்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள்.

"பிள்ளைங்க முகத்த நான் எப்படிடா பார்ப்பேன்?" என்றாள் அக்கா.

இணைய மன்றத்தில் போய் ஓலமிட்டேன். பைத்தான் தோழர்கள், நான் எந்தப் பதிப்பை வைத்திருக்க வேண்டும் என்று தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். ரவி மட்டும், சான்றிதழ் வராத பெயர் ஒன்றை அனுப்பச் சொன்னார். பார்த்ததும் பிழையைப் பிடித்துவிட்டார். இன்னாரின் மகன், மகள் என்பதற்கு அடையாள அட்டையில் a/l, a/p என்று இருக்கிறதே, அந்தச் சாய்கோட்டைக் கோப்புறைகளைப் பிரிக்கும் குறி என்று எண்ணிய கணினி, இல்லாத கோப்புறையைத் தேடிப் போயிருக்கிறது. சாய்கோடில்லாத 'பின்' போட்ட ரஹீம் தப்பித்தான்.

"பைத்தான் மேல தப்பில்ல தம்பி. ஜாவாவும் இங்கதான் விழும். என் பேரே விழுந்திருக்கு லா." என்று எழுதினார் ரவி.

அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் கிண்டல் லாரியை எடுத்திருப்பேன். வெட்கமாக இருந்தது.

கோப்புப் பெயர்களில் சாய்கோட்டை நீக்கினேன். பள்ளியின் அச்சு இயந்திரம் மெதுவானது என்றேன். ரவி, ராசா என்ற தன் ஊரிலிருந்து தன்னுடையதைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். பிரமுகர்கள் பேசி முடிப்பதற்குள் (வாழ்க நம் மேடைப் பேச்சாளர்கள்) எல்லாப் பிள்ளைகளின் சான்றிதழும் தயார். அக்கா அவருக்கு நன்றி சொன்னாள். பல மாதங்கள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அடுத்த ஆண்டு இருவருக்கும் கல்யாணம்.

அவர்கள் மகள் இப்போது அதே பள்ளியில் படிக்கிறாள். தனக்குப் பரிசு என்று போன வாரம் ஓடி வந்தாள். தூக்கிக் கொஞ்சினேன். அவள் என் காதோரம் மெல்லக் கேட்டாள்:

"மாமா, சர்டிபிகேட் நீங்க அடிக்கலதானே?"