கிரேக்கத்தால் போன கோப்பை

ஒரு கல்லூரியின் பெருமை அதன் கால்பந்து அணியில்தான் இருக்கிறது என்பதை 1909-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் யாரும் மறுக்கவில்லை. மறுக்கும் அளவுக்குப் படித்தவர்களும் சனிக்கிழமை மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். எங்கள் கல்லூரியின் பெருமை சில வருடங்களாக ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம்; அப்படி அணைத்துக்கொண்டு ஓடும் எங்களை அக்கரைக் கல்லூரிக்காரர்கள் தோளால் மோதிச் சாய்த்துவிட்டுக் கோப்பையைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள்.

ஆகவே கல்லூரித் தலைவர் டாக்டர் விட்கோம், உயர்கல்வியின் வளர்ச்சியை முன்னிட்டு, கல்குவாரிக்குப் போனார். அங்கே ஊலே ஹாக்ஸ்டாட் என்ற நார்வேக்காரன், நாலு பேர் தூக்கும் கல்லைத் தனியாகத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டிருந்தான். இவனிடம் கல்வித் தகுதி நிரம்பி வழிகிறது என்று தலைவர் அங்கேயே தீர்மானித்தார்.

அணியில் ஆடுபவன் ஏதாவது ஒரு வகுப்பில் மாணவனாக இருந்தாக வேண்டும் என்பது விதி. யாருக்கும் தொந்தரவில்லாத வகுப்பாகத் தேடி, புரொபசர் பெட்டிங்கிலின் கிரேக்க வகுப்பில் சேர்த்தார்கள். அதில் ஏற்கெனவே இருவர் படித்தார்கள். ஒருவனுக்குக் காது கேட்காது.

ஊலே முன்னால் போவான். எதிரணி விழும். பந்தோடு பின்னால் ஓடுவது என் வேலை. இப்படியே எல்லாரையும் ஜெயித்துக்கொண்டு வந்தோம். அக்டோபரில் ஒருநாள் அவன் பயிற்சிக்கு வரவில்லை. தேடிப் போனேன். நூலகப் படியில் உட்கார்ந்து தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

"கோச் கத்தறார்டா, எழுந்து வா."

"இதைப் பாரு. ஒரே வினைச்சொல். நான் செஞ்சா ஒரு மாதிரி, நீ செஞ்சா ஒரு மாதிரி. அவங்க ரெண்டு பேர் மட்டும் செஞ்சா, அதுக்குன்னே தனியா ஒண்ணு வச்சிருக்கான். குவாரியில எவன்டா எனக்கு இதையெல்லாம் சொன்னான்?"

அவன் கிரேக்கத்தில் கெட்டிக்காரன் என்று சொல்ல முடியாது. சொன்னதையே தப்பாகச் சொல்வான். ஆனால் ஆசை வந்துவிட்டது. கல்லூரி வரலாற்றில் இப்படி நடந்ததில்லை என்பதால் அவசரக் குழு கூடியது. வகுப்பைக் கொஞ்சம் சலிப்பாக நடத்த முடியுமா என்று தலைவர் பெட்டிங்கிலைக் கேட்டார்.

"முப்பது வருஷமா அப்படித்தான் நடத்தறேன்," என்றார் பெட்டிங்கில். "இவனுக்கு மட்டும் உறைக்க மாட்டேங்குது."

அடுத்து, இன்னும் நடக்காத பரீட்சையில் ஊலே தேறிவிட்டதாக அறிவித்தார்கள். அவன் நன்றி சொல்லிவிட்டு, இருந்தாலும் எழுதிப் பார்க்கலாமா என்று கேட்டான். வேறு வழியின்றிக் குழு, மாணவர் நலன் கருதி, ஆட்டங்கள் முடியும்வரை கிரேக்கத்தையே ரத்து செய்தது. ஊலே மைதானத்துக்குத் திரும்பினான். அந்த வாரப் பயிற்சியில் எங்கள் ஆட்கள் இருவருக்கு விலா எலும்பு போனது. தலைவர் பூரித்துப்போனார்.

நவம்பர் கடைசியில், நன்றி நாள் விடுமுறையன்று இறுதி ஆட்டம். ஊரே வந்திருந்தது. ஊலே மாணவனே இல்லை என்று அக்கரை அணித் தலைவன் ஆட்சேபம் கிளப்ப, நடுவர் ஊலேயைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ எந்த வகுப்புல படிக்கிற?"

"எதுலயும் இல்லீங்க. இருந்த ஒண்ணையும் மூடிட்டாங்க."

டாக்டர் விட்கோம் தொப்பி பறக்க ஓடிவந்தார். புவியியல் என்று சொல்லும்படி ஊலேயின் காதில் கெஞ்சினார். அது தனக்குத் தெரியாது என்றான் அவன். தகுதியில்லாதவனை இறக்கிய குற்றத்துக்காக ஆட்டம் எங்களுக்குத் தோல்வி என்று நடுவர் அறிவித்தார். யார் சட்டையிலும் சேறு படாமல் கோப்பை ஆற்றைக் கடந்தது.

அன்று மாலை கசாப்புக்காரரும் வங்கி மேலாளரும் தோளோடு தோள் நின்று, தலைவர் வீட்டு வாசலில் கிரேக்கம் வேண்டும் என்று முழங்கினார்கள். திங்கட்கிழமை வகுப்பு திறந்தது. ஆனால் ஆட்டங்கள் முடிந்துவிட்டபடியால் ஊலேயின் கல்வித் தகுதியும் முடிந்துவிட்டதாகக் குழு கண்டறிந்தது. அவன் குவாரிக்குப் போய்விட்டான்.

அடுத்த இலையுதிர் காலத்தில், முன்னெச்சரிக்கையாக, அணி முழுவதும் கிரேக்கத்தில் சேர்ந்தோம். பெஞ்சுகள் முனகின. கிரேக்கம் படிக்க வந்தவர் யார் என்று பெட்டிங்கில் கேட்டார். நான் என் பூட்ஸைப் பார்த்தேன். மற்றவர்களும் அவரவர் பூட்ஸைப் பார்த்தார்கள்.

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதன்பின் பகல் சாப்பாட்டு வேளைகளில் குவாரியில் கைக்குட்டை விரித்த கல்மேல் அவர் உட்கார்ந்திருப்பதாகவும், எதிரே ஒரே ஒரு மாணவன் இருப்பதாகவும் கேள்விப்பட்டோம்.

அந்த வருடம் கிரேக்கத்தில் நாங்கள் அத்தனை பேரும் முதல் வகுப்பில் தேறினோம். கோப்பையும் எங்களுக்கே.