நான்கு மணி நேரம் குறைந்த பள்ளிக்கூடம்

அரசாங்கத்தின் காற்றுகூடப் பிள்ளைகள் மேல் படக்கூடாது என்பது அமெரிக்காவின் மிசௌரி மலைப்பக்கத்தில் வாழும் எங்களுடைய கொள்கை. ஆகவே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். அதே பிள்ளைகளுக்குக் கல்லூரி வயது வந்ததும், அரசாங்கத்தின் உதவித்தொகை மட்டும் பட்டால் தோஷமில்லை என்பது எங்களுடைய கிளைக்கொள்கை.

ஹார்லன் ஸ்டக்கிக்கு அந்த வயதில் ஒரு மகள். பெயர் ஜூனியா. ஜூன் இருபத்தெட்டாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் அவளுடைய உதவித்தொகைக் காகிதம் முடிந்தாக வேண்டும். தவறினால் கல்லூரியில் இடம் போய்விடும். கோழி ஆலையில் இறக்கை பிய்க்கும் வேலை அவளுக்காகக் காத்திருந்தது. அன்று காலை எட்டுக்கே தகப்பனும் மகளும் கல்லூரி அலுவலகத்து வராந்தாவில் போய் உட்கார்ந்தார்கள். பன்னிரண்டுக்கு உடனடியாகக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அதிகாரி திருமதி க்ராட்ஸ் பள்ளிச் சான்றிதழைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"கையெழுத்துப் போட்ட தலைமையாசிரியர் யாரு?"

"நான்தாங்க மேடம்."

"மாணவிக்கு என்ன உறவு?"

"தகப்பன்."

"உறவுக்காரங்க பேச்சை நான் எடுத்துக்க முடியாது சார். பள்ளிக்கூடத்தைக் கேட்டுத்தான் உறுதி பண்ணணும்."

"தாராளமா கேளுங்க."

சான்றிதழில் இருந்த எண்ணை அவர் சுழற்ற, ஹார்லனின் சட்டைப்பையில் மணி அடித்தது. ஹார்லன் எழுந்து, நாகரிகம் கருதிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஸ்டக்கி உயர்நிலைப் பள்ளி. தலைமையாசிரியர் பேசறேன்."

"வணக்கம் சார். ஹார்லன் ஸ்டக்கின்னு ஒருத்தர் இங்க வந்திருக்கார். ஆள் எப்படி?"

ஹார்லன் யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "நல்ல மனுஷன்தான். கொஞ்சம் பிடிவாதம். ஏணி இரவல் வாங்கினா மட்டும் திருப்பித் தரமாட்டார்."

"ரொம்ப நன்றி சார்." போனை வைத்தவர், நாற்காலிக்குத் திரும்பிய ஹார்லனிடம், "உங்க தலைமையாசிரியர் தங்கமானவர். என்ன ஒரு நேர்மை," என்றார்.

விபரீதம் அங்கேதான் ஆரம்பித்தது. பன்னிரண்டு வருஷத் தலைமைப் பதவியில் ஹார்லனை ஒருவரும் அப்படிப் புகழ்ந்ததில்லை. வீட்டில் தலைமையாசிரியரைக் குப்பை கொட்டத்தான் கூப்பிடுவார்கள்.

"இன்னும் ஒரே ஒரு வரிதான்," என்றார் திருமதி க்ராட்ஸ். "கடைசி வருஷம் ஆயிரம் மணி நேரம் பாடம் நடந்துதுன்னு தலைமையாசிரியர் எழுதிக் கொடுக்கணும்."

ஆயிரம் மணி என்பது எங்கள் மாநிலத்துச் சட்டம். பாட நேரம் எழுதிவைக்கும் குறிப்பேட்டை எவரும் வந்து பார்ப்பதில்லை. அதனாலேயே பக்தியோடு எழுதுகிறோம். ஆடு குட்டி போட்டால் உயிரியல். வண்டி நின்றுபோனால் இயற்பியல். மாமா ஜெயிலுக்குப் போனால் சட்டம். ஹார்லன் குறிப்பேட்டை விரித்துக் கூட்டினார். மறுபடி கூட்டினார். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு.

"நாலு குறையுது மேடம்."

"யாரு சார் பார்க்கப்போறா. ஆயிரம்னு போடுங்க."

"தகப்பனா கேட்டா இப்பவே போடுவேன். தலைமையாசிரியரா என்னால முடியாது."

"அப்பா, நீ யாரு கட்சி?" என்றாள் ஜூனியா.

"நீ சும்மா இரும்மா. இது பள்ளி நிர்வாகம்."

திருமதி க்ராட்ஸ் கெஞ்சினார். மேலதிகாரியை வைத்துப் பேசிப் பார்த்தார். சட்டத்தை மீறச் சொல்லி ஒரு கல்வி நிறுவனத்தை வற்புறுத்துவது முறையா என்று ஹார்லன் கேட்டார். மணி நாலரை ஆகிவிட்டது.

"பள்ளி வருஷம் முடிய இன்னும் ரெண்டு நாள் இருக்குல்ல?" என்றாள் ஜூனியா. "காலையில எட்டுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் இந்த வராந்தாவுல உக்காந்திருந்தேனே, அதை எழுது. குடிமையியல்."

ஹார்லன் பேனாவை எடுத்தார், நிறுத்தினார். "ஆசிரியர் யாரு?"

ஜூனியா திருமதி க்ராட்ஸைக் காட்டினாள்.

"அப்ப மேடம் ஒரு கையெழுத்துப் போடணும்."

ஆசிரியர் என்றதும் திருமதி க்ராட்ஸின் முதுகு நிமிர்ந்தது. "பரீட்சை வைக்காம நான் எப்படி சார் போடறது? ஏம்மா, நாலு மணி நேரத்துல என்ன கத்துக்கிட்டே?"

ஜூனியா கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்துக்குப் பத்து நிமிஷம்.

"அரசாங்கம் எங்கயோ தலைநகரத்துல இருக்குன்னு அப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். அப்படி இல்லீங்க. ஒரு பேனாவும் கையெழுத்துப் போட ஒரு இடமும் கொடுத்தா, யாரு வேணும்னாலும் அரை நாள்ல அரசாங்கமா ஆயிடலாம். எங்கப்பாவுக்கு அரை நாள்கூட ஆகலை."

ஹார்லனும் திருமதி க்ராட்ஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று முதல் தடவையாக இருவருக்கும் ஒரே கருத்து. மூலைக்குப் போய்க் கலந்தாலோசித்துத் திரும்பினார்கள். தேர்ச்சி, தரம் சுமாரான 'சி'. குறிப்புப் பத்தியில், "பாடம் நன்றாகப் புரிந்திருக்கிறது. பணிவு போதாது" என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள். ஐந்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது உதவித்தொகை உறுதியாயிற்று.

ஜூனியா கல்லூரிக்குப் போய்விட்டாள். ஆனாலும் அவளுக்குக் கொடுத்த 'சி' சரிதானா என்று எங்கள் வட்டாரத்தில் பேச்சு எழுந்தது. வீட்டுக்கு ஒருவராகத் தலைமையாசிரியர்கள் முப்பத்தேழு பேரும் தேவாலயத்துப் பின்கட்டில் கூடி விசாரித்தோம். சரிதான் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டு, அவரவர் வீட்டு முத்திரையைக் குத்தினோம்.