நன்றி வந்து நின்ற உலாவி

ஒரு குடிமகன் குழாய்த் தண்ணீருக்கு விண்ணப்பிக்கும்போது, அந்த விண்ணப்பத்தை எந்த உலாவியில் திறக்கிறான் என்பது சாதாரண விஷயம் அல்ல. தண்ணீர் வாரியத்தில் புள்ளிவிவர எழுத்தராக இத்தனை வருஷம் இருந்தும் எனக்கு இது தெரியாமல்தான் இருந்தது. எங்கள் இயக்குநர் ஒரு மாநாட்டுக்குப் போய்வந்த பிறகுதான் உறைத்தது.

மாநாட்டில் காப்பி இடைவேளையில் யாரோ அவரிடம், "உங்க வாரியத்துக்கு எந்த உலாவி சார்?" என்று கேட்டிருக்கிறார்கள். உலாவி என்பது கணினியிலும் கைபேசியிலும் இணையப் பக்கங்களைத் திறக்கிற மென்பொருள் என்று அவருக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. "எங்களுக்கு ஜீப்தான்" என்று சொல்லியிருக்கிறார். அங்கே எழுந்த சிரிப்பு அவரோடு விமானமேறி ஊருக்கும் வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை எல்லோரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"நமக்குன்னு ஒரு உலாவி வேணும். அது திறந்த மூலமா இருக்கணும். அதுக்குச் சந்தைப் பங்கு இருக்கணும்."

"திறந்த மூலம்னா சார்?" என்று கேட்டார் கணினிப் பிரிவுக்காரர். அவருக்குத் தெரியும். இயக்குநருக்குத் தெரியுமா என்று பார்த்தார்.

"ஒளிவுமறைவு கிடையாது. எழுதின நிரலை யார் வேணா பார்க்கலாம், எடுத்துக்கலாம், திருத்தலாம்."

"அப்படி ஒண்ணு ஏற்கெனவே நல்லா ஓடிக்கிட்டு இருக்கே சார். அதையே எடுத்துக்கலாமே?"

"எடுத்துக்கோ. ஆனா பார்க்கறவங்களுக்கு நாமளே ராப்பகலா உழைச்ச மாதிரி இருக்கணும்."

உலாவி ஒரே மதியத்தில் தயாராகிவிட்டது. அதன் சின்னமான நீர்த்துளி இடப்பக்கம் சாய வேண்டுமா வலப்பக்கம் சாய வேண்டுமா என்று முடிவெடுக்கக் குழு அமைத்தார்கள். அதற்குத்தான் எட்டு மாதம் பிடித்தது. உலாவிக்கு 'முன்னோடி' என்று பெயர் சூட்டப்பட்டது. ஊர் பேர் தெரியாத யார் யாரோ காசு வாங்காமல் எழுதிக் கொடுத்த நிரல் அது, அருமையாக ஓடியது. அதில் வாரியம் சொந்தமாகச் சேர்த்தது ஒரே ஒரு வரி. விண்ணப்பத்தை நிரப்பி 'சமர்ப்பி' என்ற பொத்தானை அழுத்தினால், "முன்னோடியைத் தேர்ந்தெடுத்த தங்களுக்கு வாரியம் தன் நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறது" என்று திரை நிறைய ஒரு வாசகம் வரும். இயக்குநரே எழுதிய வாசகம். அது வந்ததும் முன்னோடி அப்படியே நின்றுவிடும். விண்ணப்பம் போகாது. மூடிவிட்டு, மறுபடி திறந்து, தகப்பனார் பெயரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வேறு உலாவியில் விண்ணப்பிக்கலாம் என்றால் அதற்கு அனுமதி இல்லை. காகிதத்தில் எழுதிக் கொடுப்பது பிற்போக்கு என்று சுற்றறிக்கை வந்துவிட்டது.

சந்தைப் பங்கைக் கணக்கிடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முன்னோடி ஒரு தடவை திறக்கப்பட்டால் ஒரு பயனர் என்று எண்ணிக்கொண்டு, ஊரில் கணினியோ கைபேசியோ வைத்திருப்பவர்களின் தொகையால் வகுக்க வேண்டும்.

"ஒரே ஆள் பத்துத் தடவை திறந்தா சார்?" என்று கேட்டேன்.

"பத்துத் தடவை திறக்கறார்னா அவருக்கு அவ்வளவு பிடிச்சிருக்குன்னு அர்த்தம். அந்த அன்பை நாம ஏன் குறைச்சு எண்ணணும்?"

முதல் வெள்ளிக்கிழமை அறிக்கையிலேயே முப்பத்தொரு சதவீதம் வந்தது. இயக்குநர் எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். ஐம்பதைத் தாண்டினால் எனக்குக் கண்காணிப்பாளர் பதவி என்றார். அன்றிலிருந்து முன்னோடியின் மேல் எனக்கும் ஒரு பாசம் வந்துவிட்டது.

இதில் எனக்குச் சொந்த சங்கடம் ஒன்றும் இருந்தது. நாங்கள் புது வீட்டுக்குக் குடிபோயிருந்தோம். அங்கே குழாய் இணைப்பு இல்லை. என் மனைவி தினமும் காலையில் முன்னோடியைத் திறந்து விண்ணப்பித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு போவாள். "தண்ணி வாரியத்துல வேலை பார்க்கறவர் வீட்டுல தண்ணி இல்ல. வெளியில சொன்னா வழிச்சுக்கிட்டுச் சிரிப்பாங்க" என்பாள். வெளியில் சொல்லாதே என்று நானும் சொல்லி வைத்திருந்தேன்.

இந்த நிலைமையில்தான் சலவைக்கடை அக்கா எங்கள் வாரியத்துக்குள் காலடி வைத்தார்.

அவர் புதிதாகக் கடை எடுத்திருந்தார். பெரிய விடுதி ஒன்றின் படுக்கை விரிப்புகள் அத்தனையையும் வெளுத்துத் தருவதாக ஒப்பந்தம். அடுத்த மாதம் முதல் தேதி மூட்டைகள் வந்து இறங்கும். இயந்திரம் வந்துவிட்டது, சோப்புத் தூள் வந்துவிட்டது, பெயர்ப்பலகை கூட மாட்டியாகிவிட்டது. தண்ணீர் மட்டும்தான் வரவில்லை. முதல் தேதிக்குள் வராவிட்டால் ஒப்பந்தம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"சார், தண்ணி இணைப்புக்குப் போட்டா நன்றின்னு வந்து நின்னுடுது" என்றார் என் மேசைக்கு முன்னால் வந்து.

"நன்றி வருதா?"

"வருது."

"அப்ப வேலை செய்யுதுன்னுதானேம்மா அர்த்தம்?"

"நன்றிக்கப்புறம் ஒண்ணுமே வரலையே சார்."

"நன்றிக்கப்புறம் என்னம்மா வரும்? நீங்களே சொல்லுங்க."

அவர் யோசித்துப் பார்த்தார். பக்கத்தில் நின்ற அவருடைய கொழுந்தன் முந்திக்கொண்டார். அவரை எல்லோரும் 'சுதந்திரம்' என்று கூப்பிடுவார்கள். திறந்த மூல இயக்கத்தில் தீவிரமானவர். அவருடைய மடிக்கணினியின் மேல் அந்தக் கொள்கையை விளக்கும் ஒட்டுச்சீட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டியதில் கணினி ஒரு கைப்பிடி கனம் கூடியிருந்தது.

"அண்ணி, நீங்க பெருமைப்படணும். உலகத்துலயே திறந்த மூல உலாவி வச்சிருக்கற ஒரே தண்ணி வாரியம் இதுதான். இதுல தப்பு இருந்தா யார் வேணா உள்ள போய்த் திருத்தலாம்!"

"அப்ப நீ திருத்திக் குடு தம்பி."

"நான் கொள்கை அளவுல ஆதரவாளர் அண்ணி. திருத்தறது வேற பிரிவு."

சுதந்திரம் அதோடு விடவில்லை. மூலம் திறந்திருக்கிறது என்றால் அதை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று கூடத்தில் நின்று குரல் எழுப்பினார். இயக்குநர் அசரவில்லை. நிரல் முழுவதையும் அச்சடித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, வரவேற்பறையில் நிறுத்தினார். 'மூலம் திறந்திருக்கும் நேரம்: பதினொன்று முதல் ஒன்று வரை. தொடக் கூடாது' என்று பலகையும் வைத்தார். சுதந்திரம் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஜெயிச்சுட்டோம் அண்ணி" என்றார்.

"தண்ணி வருமா?" என்றார் அக்கா.

"அது அடுத்த கட்டம்."

அக்கா கூடத்து மூலையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். காலையில் வருவார், கைபேசியில் முன்னோடியைத் திறப்பார், நிரப்புவார், நன்றி வரும், மூடுவார், திறப்பார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அங்கேயே உட்கார்ந்து திறக்க ஆரம்பித்தார்கள். எனக்குக் கை வலிக்கும் அளவுக்கு எண்ணிக்கை ஏறியது. ஐம்பது தாண்டியது, அறுபது தாண்டியது, எழுபத்தெட்டில் போய் நின்றது. எனக்குக் கண்காணிப்பாளர் நாற்காலி வந்தது, சுழலும் நாற்காலி.

விண்ணப்பங்கள் ஒன்றுகூட வந்து சேராததால் குழாய்ப் பிரிவில் ஆறு பேர் வேலையில்லாமல் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். "யாரும் தண்ணி கேக்கலைன்னா ஊருக்குத் தண்ணி போதுமானதா இருக்குன்னு அர்த்தம்" என்று இயக்குநர் அதையும் சாதனைப் பட்டியலில் சேர்த்தார்.

இதைப் பார்த்து மின்வாரியத்துக்குப் பொறுக்கவில்லை. அவர்களும் 'ஒளிவீச்சு' என்று ஓர் உலாவியை இறக்கினார்கள். முதல் வாரமே தொண்ணூற்றாறு சதவீதம்! எங்கள் இயக்குநர் முகம் செத்துவிட்டது.

"எப்படிய்யா? அவங்க உலாவி எங்க நிக்குது?"

"திறக்கும்போதே நின்னுடுது சார்" என்றார் கணினிப் பிரிவுக்காரர்.

"அடடா! எவ்வளவு முன்னேறிட்டாங்க பாரு!"

எங்கள் எழுபத்தெட்டும் அவர்கள் தொண்ணூற்றாறும் சேர்த்தால் நூற்றெழுபத்து நான்கு சதவீத மக்கள் அரசு உலாவிகளைப் பயன்படுத்துவதாகத் தினசரிகளில் தலையங்கம் வந்தது. மக்கள்தொகையே அவ்வளவு இல்லையே என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் பெருமையாக இருந்தது.

இயக்குநர் தோல்வியை ஒப்புக்கொள்கிறவர் அல்ல. நன்றி வாசகம் போதுமான கம்பீரத்தோடு இல்லை என்று முடிவுக்கு வந்து, ஒரு பக்கத்துக்குப் புது வாசகம் எழுதினார். பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடச் சொன்னார். கணினிப் பிரிவுக்காரர் பழையதை எடுத்துவிட்டார். புதியதைப் போடப் போகும்போது, 'நெஞ்சார்ந்த' என்பதற்குப் பதில் 'உளம் கனிந்த' என்று இருக்கலாமே என்று துணை இயக்குநர் கருத்துத் தெரிவித்தார். வாசகம் கருத்துக்காக மேசை மேசையாகச் சுற்ற ஆரம்பித்தது.

அந்த ஒரு மதியம் முன்னோடியில் நன்றி இல்லை.

கூடத்து மூலையில் அக்கா வழக்கம்போல 'சமர்ப்பி'யை அழுத்தினார். அழுத்திவிட்டு, மூடுவதற்காக விரலைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"சார்... இங்க வாங்க. வேற என்னமோ வந்திருக்கு."

எட்டிப் பார்த்தேன். 'தங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது' என்று இருந்தது. அந்த வாசகத்தை வாரியத்தில் யாரும் பார்த்ததே இல்லை. கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் அதைத் தொட்டுப் பார்த்தார். அடுத்த நிமிஷம் கூடத்திலிருந்த அத்தனை பேரும் அழுத்தினார்கள், அத்தனை பேருக்கும் போயிற்று, எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

குழாய்ப் பிரிவில் மணி அடித்தது. முதலில் அவர்கள் அதைத் தீ விபத்து என்று நினைத்திருக்கிறார்கள். விண்ணப்பம் என்று தெரிந்ததும் ஆறு பேரும் சீட்டை வீசிவிட்டு ஜீப்பில் பாய்ந்து ஏறினார்கள். ஒரு குழாய்க்கு ஆறு பேர்! ஒருவர் தோண்ட, ஒருவர் பொருத்த, மீதி நான்கு பேர் நின்று கைதட்ட, சாயங்காலத்துக்குள் சலவைக்கடையில் தண்ணீர் கொட்டியது. அக்கா இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு சிரித்தாராம். கேட்டபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் சந்தோஷப்பட எனக்கு நேரம் இல்லை. ஆட்கள் ஒரே தடவை திறந்துவிட்டுப் போய்விட்டதால் பங்கு சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது. அந்த மதியம் முழுவதும் நான் காரணம் தேடிக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். என் மனைவியைக் கூப்பிட்டு 'இப்பப் போடு' என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அவள் காலையிலேயே திறந்து, நன்றி வாங்கிக்கொண்டு, வாளியோடு போயிருந்தாள். புது வாசகம் முடிவாகும்வரை இருக்கட்டும் என்று சாயங்காலமே பழைய நன்றியைத் திரும்பப் போட்டுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஒன்பது சதவீதம். இயக்குநர் அறிக்கையைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

"மக்கள் நம்மளக் கைவிட்டுட்டாங்களாய்யா?"

"இல்ல சார். வேலை முடிஞ்சு போயிட்டாங்க."

"அதத்தான்யா நானும் சொல்றேன்."

புது நன்றி வாசகத்தைப் போடுவதா, நன்றியையே எடுத்துவிடுவதா என்று கேள்வி எழுந்தது. "இது திறந்த மூலம். பயனர் சமூகம்தான் முடிவு பண்ணணும்!" என்று சுதந்திரம் முழங்கினார். இயக்குநர் உடனே ஒப்புக்கொண்டார். யார் யார் பயனர் சமூகம் என்பதற்கு விதி எளிமையானது: விண்ணப்பம் பெறப்பட்டவர்கள் மட்டும். மற்றவர்கள் இன்னும் பயனர்களாகப் பதிவாகவில்லை. என் மனைவியும் பதிவாகவில்லை.

கூடத்தில் கூட்டம் நடந்தது. அக்காவுக்கு முன்வரிசை. முதல் தேதி கடந்து, விடுதி விரிப்புகள் வெளுத்து மணக்க ஆரம்பித்திருந்தன.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் இயக்குநர். "உங்க அளவுக்கு முன்னோடியோட கஷ்டப்பட்டவங்க யாரும் இல்ல. நன்றி வேணுமா, வேண்டாமா?"

வேண்டாம் என்று அக்கா சொன்னால் என் சுழல் நாற்காலி போய்விடும்; வீட்டுக்குத் தண்ணீர் வந்துவிடும். எதை வேண்டிக்கொள்வது என்று எனக்கே தெரியவில்லை.

அக்கா வாயைத் திறந்தார். அதே சமயம் என் மேசைப் பக்கம் ஒரு குரல் கேட்டது. புதிதாக வந்த ஒருவர், கையில் கைபேசியோடு, யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தார்.

"சார், எதிர்த் தெருவுல புதுசா சலவைக்கடை போட்டிருக்கேன். தண்ணிக்கு எழுதிப் போடணும். எப்படிங்க?"

அக்கா திரும்பி அவரைப் பார்த்தார். மேலிருந்து கீழ் வரை பார்த்தார். பிறகு இயக்குநர் பக்கம் திரும்பினார்.

"நன்றி சொல்றது நல்ல பழக்கம்தானே சார். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

மற்ற பயனர்களும் தங்கள் தங்கள் தெருக்களை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் விடாமல் கை தூக்கினார்கள். "சமூகம் பேசிடுச்சு!" என்று சுதந்திரம் அண்ணியைக் கட்டிப்பிடிக்காத குறையாகத் துள்ளினார். ஒரு பக்க நன்றி அன்றே ஏறிவிட்டது. அதைப் போட்டதிலிருந்து முன்னோடி திறக்கும்போதும் நிற்கிறது என்று கணினிப் பிரிவுக்காரர் சொன்னபோது, இயக்குநர் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் காலை நான் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது வீட்டிலிருந்து அழைப்பு வந்தது.

"என்னங்க, இப்பத் திறக்கும்போதே நன்றி வந்து நிக்குது. என்ன செய்ய?"

"மூடிட்டு மறுபடி திற" என்றேன். அவள் திறந்தாள். நான் ஒன்று சேர்த்துக்கொண்டேன்.