‘குடல்’ என்ற சொல்லை மிச்சம் பிடித்த கதை

“…அப்பிடி ஒண்டும் எங்களுக்கு இல்லைத் தம்பி. எனக்கும் இல்லை, இவருக்கும் இல்லை. பிள்ளையளுக்குச் சின்னனிலையிருந்தே இல்லை. இனி வரவும் மாட்டுது. வேணுமெண்டால் பொலிசிலை கேட்டுப் பாருங்கோ!” என்றார் தவமணி அன்ரி. கொழும்பு வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் ஓர் ஒழுங்கையில், மாடிக் குடியிருப்பொன்றின் கதவை ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் திறந்து வைத்துக்கொண்டு.

நான் அவரிடம் கேட்டது வயிற்றைப் பற்றி. ஒழுங்காகப் போகிறதா, மலச்சிக்கல் ஏதும் உண்டா என்பதைப் பற்றி. அதற்குப் பொலிஸ் எதற்கு என்று ஒரு கணமாவது யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. “சிறு வயது முதல் இல்லை” என்று முத்து முத்தாக எழுதிக்கொண்டு, தேங்க்ஸ் சொல்லிவிட்டு அடுத்த கதவைத் தட்டப் போனேன். (பிறந்ததிலிருந்து ஒரு தரமும் கக்கூசுக்குப் போகாத பிள்ளைகளை வளர்த்தெடுத்த தாய் என்று உள்ளுக்குள் ஒரு மரியாதை வேறு.)

தானாகப் படித்தவனுக்கு ஒரு நோய் உண்டு. படித்ததை எங்கேயாவது இறக்கி வைக்காவிட்டால் அவனுக்குச் சமிபாடு ஆகாது. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அந்த நோய் முற்றியிருந்தது.

இப்போது பேப்பரைத் திறந்தால் குடல் ஆராய்ச்சிதான். எந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தைப் பார்த்தாலும் குடலுக்குள் குடியிருக்கும் கிருமிகளின் சாதகத்தைக் கணித்துக்கொண்டிருக்கிறார்கள். குடலும் மூளையும் தங்களுக்குள் கதைக்கின்றனவாம். நான் அந்தத் துறையில் கால் வைத்த நாளில் அதற்கு இவ்வளவு மவுசு இருக்கவில்லை. அதற்கு நான் செய்த பங்களிப்பை எந்தச் சஞ்சிகையும் வெளியிடவுமில்லை.

சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஒரு பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்தில் எனக்குத் தற்காலிக உதவியாளன் வேலை. கொட்டாஞ்சேனையில் இரும்புக் கடையொன்றில் நட்டும் போல்ட்டும் நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன், அட்டையில்லாத ஓர் அகராதியை வைத்து இங்கிலீஷ் படித்து, நேர்முகத்தில் அதை அவிழ்த்துவிட்டுப் பிடித்த வேலை. வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்து குடியேறியவர்களுக்குச் சாப்பாடும் தண்ணியும் மாறியதால் வயிறும் மாறிவிட்டதா என்பதுதான் ஆராய்ச்சி. அதை நடத்திய மேடம் சிங்களப் பெண்மணி. நல்ல மனுசி, ஆனால் மனிதர் சொல்வதைவிட எண்கள் சொல்வதை நம்புகிறவர். “இந்தக் கணக்கெடுப்பைச் சுத்தமாக முடித்தால் உன்னை நிரந்தரமாக்கலாம், மல்லி” என்று, சிங்களத்தில் தம்பி முறை வைத்து, சொல்லியிருந்தார். அம்மா அந்தச் செய்தியை ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலிலேயே பரப்பிவிட்டார். பாதருக்குக்கூடத் தெரியும். இனி இரும்புக் கடைக்குத் திரும்புவதென்றால் கொட்டாஞ்சேனையை விட்டே ஓடவேண்டும்.

மேடம் இங்கிலீஷில் எழுதிய கேள்விக்கொத்தை என்னிடம் தந்து, “உங்கள் ஆட்கள் கதைக்கிற மாதிரிச் சுகமான தமிழில் போடு” என்றார்.

சுகமான தமிழாம்! நாங்கள் இருந்த ‘தோட்டம்’ என்பது ஒட்டி ஒட்டிக் கட்டிய சிறு வீடுகளின் வரிசை; அதில் எல்லாருக்கும் பொதுவான கக்கூஸ் வீடுகளுக்குப் பின்னால் இருந்தது. அதனால் அம்மா அந்த விடயத்தைப் ‘பின்னுக்குப் போறது’ என்பார். யாழ்ப்பாணத்தார் ‘வெளிக்குப் போறது’ என்பார்கள். பல்கலைக்கழகத் தாளில் பின்னுக்கும் வெளிக்கும் போகலாமா? அகராதியைப் பிரித்தேன். இங்கிலீஷ்காரன் அதைக் குடலின் அசைவு என்று நாசூக்காகச் சொல்லியிருந்தான். நானும் ‘குடல் இயக்கம்’ என்று போட்டேன். போட்டுவிட்டு ஒரு பிளேன்ரீ குடித்தேன், அவ்வளவு திருப்தி. பிறகு ஸ்டென்சிலில் தட்டும்போது ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது அழகில்லை என்று பட்டது. தலைப்பில் மட்டும் ‘குடல்’ என்பதை வைத்துக்கொண்டு, கேள்விகளிலிருந்து அதை நீக்கிவிட்டேன்.

வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்காக ஒரு விளக்கம்: அந்தக் காலத்தில் இலங்கைத் தமிழில் ‘இயக்கம்’ என்றால் ஒன்றுதான். வடக்கில் துவக்கோடு நின்ற பெடியள். கொழும்பில் அந்தச் சொல்லைக் குசினிக்குள்ளும் ஆரும் உரத்துச் சொல்லமாட்டார்கள். எனக்கு இது தெரியாதா? என் பெயரைப் போலத் தெரியும். ஆனால் மூன்று கிழமையாக வயிற்றோடேயே வாழ்ந்தவனுக்கு அந்தச் சொல் முழுக்க முழுக்க வயிற்றுக்குள் இறங்கிவிட்டது. தாளின் தலைப்பு என் பக்கம் இருந்தது. கேள்விகள் மட்டும் உரத்த குரலில் அவர்கள் பக்கம் போயின:

“உங்களுக்கு இயக்கம் ஒழுங்காக வருகிறதா?”

“கடைசியாக எப்போது வந்தது?”

“வீட்டில் வேறு எவருக்கேனும் இயக்கம் உண்டா?”

“இயக்கத்துக்கு உதவும் பொருட்கள் ஏதும் வீட்டில் வைத்திருக்கிறீர்களா?” (பேதி மருந்தைத்தான் சொல்கிறேன். சத்தியமாக.)

முப்பத்தெட்டு வீடு ஏறினேன். முப்பத்தெட்டிலும் ஒரே பதில். ஒரு வீட்டில் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுப் பதில் சொன்னார்கள். இன்னொரு வீட்டில் நான் கேள்வியை முடிக்கும் முன்பே தேத்தண்ணியும் நாலு கிறீம் கிறக்கர் பிஸ்கட்டும் வந்தன. தவமணி அன்ரியின் கணவர் இளைப்பாறிய தபால் அதிபர். அவர் மட்டும் அன்ரியின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, மற்ற வீடுகளுக்கும் கேட்கட்டும் என்பது போல முழங்கினார்: “முப்பத்தைஞ்சு வருசம் அரசாங்க உத்தியோகம் பாத்தனான்! ஒரு நாளெண்டாலும் எனக்கு இயக்கம் இருந்ததில்லை!”

அதையும் எழுதிக்கொண்டேன். முப்பத்தைந்து வருடம்.

அன்று பின்னேரம் மேடம் படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடியும் புரட்டினார்.

“மல்லி, முப்பத்தெட்டு வீடு. ஒருவருக்கும் ஒரு தரமும் இல்லை. இவர்கள் உயிரோடு இருக்கிறார்களா?”

“இருக்கிறார்கள் மேடம். தேத்தண்ணிகூடத் தந்தார்கள்.”

“நீ வீடுகளுக்குப் போகவேயில்லை” என்றார் மேடம், கோபமில்லாமல். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். “கடற்கரைக் கல்லில் குந்தியிருந்து எழுதியிருக்கிறாய். நாளைக்கு நானே உன்னோடு வருகிறேன். ஒரு வீட்டில் இதையே சொன்னால் போதும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை நீ வரத் தேவையில்லை.”

என் வாழ்க்கையில் நான் நேர்மையாகச் செய்த முதல் வேலை அது. அதில் கள்ளன் என்ற பெயர். வீடு போகும்வரை அம்மாவின் முகமும் பாதரின் முகமும் மாறி மாறி வந்தன. என்னைக் காப்பாற்றக்கூடியவர் ஒருவர்தான் என்று முடிவு செய்தேன். பொலிசையே சாட்சிக்குக் கூப்பிட்ட தவமணி அன்ரி.

மறுநாள் காலை அரசாங்க இலக்கத்தகடு போட்ட ஜீப்பில் போய் இறங்கினோம். மேடத்தின் கையில் தடித்த கோப்பு. மேல் மாடிகளில் திரைச்சீலைகள் ஒவ்வொன்றாக மூடின. வெயிலுக்கு என்று நினைத்தேன்.

அன்ரி இந்த முறை கதவை முழுதாகத் திறந்தார். முகத்தில் இரத்தமில்லை. தபால் அதிபர் மேசையில் ஒவ்வொன்றாக அடுக்கினார்: அடையாள அட்டை, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசில் பதிந்த துண்டு, பென்சன் புத்தகம், கடைசியாக, ஏனென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, அவருடைய கலியாணப் படம்.

நான் முன்னால் போய், வாயெல்லாம் பல்லாக, “பயப்பிடாதேங்கோ அன்ரி. நேத்து எனக்குச் சொன்னதை மேடத்துக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ. உங்கட வீட்டிலை இயக்கம் இல்லைத்தானே?” என்றேன்.

அன்ரி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

“பாத்தால் நல்ல குடும்பத்துப் பிள்ளை மாதிரி இருக்கிறியள். நாங்கள் உங்களுக்கு என்ன செய்தனாங்கள்? ஏன் தம்பி எங்களைக் காட்டிக் குடுக்கிறியள்?”

காட்டிக்கொடுப்பதா? மலச்சிக்கலையா? என் மண்டைக்குள் ஏதோ ஒன்று மெல்லப் புரளத் தொடங்கியது. அதற்குள் அன்ரி மேடத்தின் பக்கம் திரும்பி, கையெடுத்துக் கும்பிட்டு, சிங்களத்தில் “நோனா, அபி மொக்குத் தன்னே நே” என்றார். அம்மா, எங்களுக்கு ஒன்றுமே தெரியாது.

மேடம் திகைத்துப்போனார். “ஒன்றுமே தெரியாதா? சொந்த வயிற்றைப் பற்றிக்கூடவா?” என்று சிங்களத்தில் கேட்டு, விளங்கட்டும் என்று தன் வயிற்றில் கையை வைத்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

கடற்கரைப் பாதையில் ரயில் போவது கேட்டது. அன்ரி மேடத்தின் வயிற்றைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த தாளை வெடுக்கென்று பறித்துத் தலைப்பை வாசித்தார். ‘குடல்’. கீழே வாசித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தபோது ‘நீங்கள்’ போய்விட்டது.

“அட அறுவானே! கக்கூசுக்குப் போறதையோடா கேட்டனி?”

“ஓம் அன்ரி.”

“‘ஒழுங்கா வெளிக்குப் போறனீங்களோ’ எண்டு கேட்டா உன்ரை வாயிலையிருந்து முத்தோடா கொட்டுண்டு போயிடும்? நுணலும் தன் வாயாலை கெடும் எண்டுவினம். நாங்கள் உன்ரை வாயாலை கெடப் பாத்தமே!” என்றவர், கதிரையில் பொத்தென்று இருந்து, கண்ணைத் துடைத்தார். சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை. “முப்பத்தைஞ்சு வருசம் இல்லையெண்டு இந்த மனிசன் உனக்குச் சொன்னதல்லோ? நீ கேட்டுப்போட்டுப் போன நேரம் தொடக்கம் விடியும்மட்டும் அஞ்சு தரம்! தண்ணித் தாங்கி காலி!”

தபால் அதிபர் கலியாணப் படத்தை மெல்லத் திருப்பி வைத்தார்.

நான் மேடத்துக்கு எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். இந்த முறை ஒரு சொல்லும் மிச்சம் பிடிக்கவில்லை. மேடம் கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு சட்டென்று குலுக்கம் நின்றது. மேசையிலிருந்த பொலிஸ் துண்டை எடுத்து, வாசித்து, இருந்த இடத்திலேயே கவனமாக வைத்தார். “மன்னியுங்கள்” என்று அன்ரியிடம் சிங்களத்தில் சொன்னார். என்னிடம், “திங்கட்கிழமை வா. ஆனால் இப்போதே இந்த மாடி முழுக்கத் திரும்பக் கேட்க வேண்டும்” என்றார்.

(அந்த வேலையிலிருந்துதான் நான் இளைப்பாறினேன். வீட்டில் இன்றுவரை நான் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கும்போது டெலிபோன் வந்தால், என் இளைய மகள் கூசாமல் சொல்வாள்: “அப்பா ஆராய்ச்சியிலை இருக்கிறார், பிறகு எடுங்கோ.” கனடாவிலிருக்கும் மூத்த மருமகன், கலியாணமான புதிதில், இதைக் கேட்டுவிட்டு, மாமா பெரிய விஞ்ஞானி என்று தன் கூட்டாளிகளிடம் சொல்லித் திரிந்தாராம்.)

“இவன் கேட்டா இனி ஆர் சொல்லுவினம், நோனா?” என்று அன்ரி எழும்பினார். கணவரின் சட்டைப் பையிலிருந்து பேனையை உருவினார். என் கோப்பைப் பிடுங்கிக் கக்கத்தில் வைத்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார்.

நடைபாதை நெடுக, ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். ஜீப்பைக் கண்ட நேரம் முதல் நின்றிருக்க வேண்டும். ஆணும் பெண்ணுமாக, ஒவ்வொருவர் கையிலும் அடையாள அட்டையும் பொலிஸ் துண்டும். முதல் வாசலில் நின்ற வழுக்கைத் தலைக்காரர் தன்னுடையதை இரண்டு கையாலும் நீட்டினார்.

அன்ரி அதை வாங்கவில்லை. நீட்டிய கையை அட்டையோடு சேர்த்து அவருடைய நெஞ்சுப் பக்கமாகவே திருப்பிவிட்டார்.

“அதை உள்ளை வையும், மகாலிங்கம்” என்று கடைசி வாசல்வரை கேட்கச் சொன்னார். “இண்டைக்குக் காலமை வெளிக்குப் போனனீரோ இல்லையோ, அதைச் சொல்லும்.”

சொல்லிவிட்டு, பேனையின் மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றினார்.