சக்கர நாற்காலி மாப்பிள்ளை

“உக்காருங்க மாமா. கொஞ்ச நேரம்தான்.”

“மாட்டேன்.”

மனோகரன் சக்கர நாற்காலியின் கைப்பிடியை விட்டுவிட்டுத் துண்டால் நெற்றியைத் துடைத்தான். திருக்காட்டுப்பள்ளியில் படித்துறை சாமியின் மடத்து வாசல். தரிசன வரிசை மடத்தைச் சுற்றி, தென்னந்தோப்பைத் தாண்டி, காவிரிக் கரை மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியிருந்தது.

அவனுடைய மாமனார் குஞ்சிதபாதம் எண்பதைத் தாண்டியவர். துவைத்த வேட்டியோடு சேர்த்துக் கொடியில் போட்டால் அதோடு பறந்துவிடுவார், அவ்வளவுதான் உடம்பு. கைத்தடியை ஊன்றிக்கொண்டு அந்த நாற்காலியைப் பங்காளியைப் பார்ப்பதுபோல் முறைத்துக்கொண்டிருந்தார்.

“என்னை இதுவரைக்கும் யாரும் தள்ளிக்கிட்டுப் போனது கிடையாது மாப்ளே. ஒரே ஒரு தடவை எல்லாரும் சேர்ந்து தூக்கிக்கிட்டுப் போவீங்க. அதுவரைக்கும் என் காலாலதான் போவேன்.”

“நடக்க முடியலன்னு நீங்கதானே மாமா சொன்னீங்க?”

“நடக்க முடியலன்னேன். உக்கார வச்சுத் தள்ளுங்கன்னு சொன்னேனா?”

மனோகரன் கோபத்தை விழுங்கினான். வலங்கைமான் கடைத்தெருவில் உரக்கடை வைத்திருப்பவன் அவன். யூரியாவுக்கு முண்டுகிற கூட்டத்தை ஒரே அதட்டலில் வரிசையில் நிற்க வைப்பவன். மாமனாரிடம் அந்த அதட்டல் செல்லாது. அதுவும் இந்த வருஷம் செல்லவே செல்லாது. காரணம், பரிவட்டம்.

மாமனார் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவில் முதல் மரியாதை அவர் வீட்டுக்குத்தான். பூசாரி பட்டுத்துணியைத் தலையில் சுற்றிக் கட்டுவார். மேளம் ஒரு சுற்று உயரும். ஊரே பார்க்கும். பெரியவருக்கு மகன் இல்லை. இரண்டு மகள்கள், இரண்டு மாப்பிள்ளைகள். “இந்த வருஷம் என்னால நிக்க முடியாது. மாப்பிள்ளைங்கள்ல ஒருத்தர் என் எடத்துல நிக்கட்டும். யாருன்னு அப்புறம் சொல்றேன்” என்று அவர் பொங்கலன்றே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மனோகரன் கடையைப் பூட்டிய பிறகு கண்ணாடி முன் நின்று தலையில் துண்டைக் கட்டிப் பார்க்கிறான். நன்றாகத்தான் இருக்கிறது.

பெரிய மாப்பிள்ளை வெற்றிசெல்வனுக்கு வேதாரண்யத்தில் உப்பளம். எந்த விசேஷத்திலும் முதல் பந்தியில் முதல் இலை அவனுக்கு. மூத்த மாப்பிள்ளை என்கிற ஒரே தகுதி. கல்யாணம் ஆன நாளிலிருந்து இரண்டாவது இலையில் உட்கார்ந்து, அப்பளம் கூட இரண்டாவதாக வாங்கி, மனோகரனுக்குச் சோறு சரியாக இறங்கியதில்லை.

இந்த வாரம்தான் பெரியவர் போனில் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “கண்ணை மூடுறதுக்குள்ள படித்துறை சாமிய கிட்டத்துல ஒரு தடவை பாத்துடணும் மாப்ளே. உங்ககிட்டதான் சொல்றேன். பெரிய மாப்பிள்ளைக்குத் தெரிய வேணாம்.”

தெரியாமல் எப்படி இருப்பது? காலையில் கார் கிளம்பியதுமே மனோகரன் வெற்றிசெல்வனுக்குப் போன் போட்டு, “மாமா என்னையத்தான் கூப்பிட்டாங்க சகலை” என்றான். அந்தப் பக்கம் வயிறு எரியும் சத்தம் கேட்கும் என்று பார்த்தான். “ரொம்ப சந்தோஷம் சகலை. நல்லபடியா பாத்துட்டு வாங்க” என்று மிருதுவாகப் பதில் வந்தது. தோற்றவன் குரல் என்று மனோகரன் முடிவு கட்டிக்கொண்டான்.

இப்போது சாமியைப் பார்க்காமல் திரும்பினால் எல்லாம் போச்சு. உச்சிக்குச் சங்கு ஊதிவிட்டால் சாமி எழுந்து உள்ளே போய்விடுவார்.

“சரி மாமா. நீங்க நடங்க. நான் சும்மா இதைத் தள்ளிக்கிட்டு வர்றேன்.”

முடியாதவர்களுக்கென்று தனி வழி. அந்த வாசலில் எழில்மொழி என்ற கல்லூரிப் பெண், தொண்டர் அட்டை மாட்டிக்கொண்டு நின்றாள்.

“காலி நாற்காலிய உள்ள விட மாட்டோம் சார். உக்காந்தவங்க ஒருத்தர், தள்றவங்க ஒருத்தர். அதான் ரூல்.”

“உக்கார வேண்டியவர் நடந்து வர்றாரும்மா!”

“நடக்குறவங்களுக்குத்தான் அந்த வரிசை சார்.” அவள் கரைப் பக்கம் கையைக் காட்டினாள்.

பெரியவர் தொண்டையைச் செருமினார். “அப்ப நீங்க உக்காருங்க மாப்ளே.”

“நானா?”

“எனக்கும் பிடிச்சுக்கிட்டு நடக்க ஒரு பிடிமானம் வேணும். காலி நாற்காலின்னா என்னை இழுத்துக்கிட்டு முன்னால ஓடிடும். உங்க கனத்துக்கு நிதானமாத்தான் போகும்.”

“யாராவது பாத்தா?”

“இந்த ஊர்ல உங்களை யாருக்குத் தெரியும்?”

உள்ளே யாரோ சங்கைத் துடைத்து எடுத்து வைப்பது தெரிந்தது. மனோகரன் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் பார்த்தான். துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டான். உட்கார்ந்தான்.

நாற்காலி நகர்ந்தது. மூங்கில் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. இரண்டு மூன்று போன்களும் அவர்கள் பக்கம் திரும்பின.

“பாவம்டி. இந்த வயசுல மகனைத் தள்ளிக்கிட்டு வர்றாரு.”

“ஆள் பாக்க நல்லாத்தான் இருக்காரு. யாரு கண்ணு பட்டுச்சோ.”

மோர்ப் பந்தலில் ஓர் அம்மாள் பெரியவருக்கு ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு மனோகரனைக் குனிந்து பார்த்தாள். “இவருக்கு முழுங்க வருமா?”

“கொஞ்சம் கொஞ்சமா குடுத்தா எறங்கும்மா” என்றார் பெரியவர்.

“மாமா!” மனோகரன் முக்காட்டுக்குள்ளிருந்து பல்லைக் கடித்தான்.

“கேட்டதுக்குப் பதில் சொன்னேன் மாப்ளே. எல்லாருக்கும் அப்படித்தானே எறங்கும்?”

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. “அண்ணே! உரக்கடை அண்ணேதானே?”

வலங்கைமானில் அவன் கடைக்கு வாடிக்கையாக வருகிற நீலமேகம். தடுப்பைக் குனிந்து தாண்டி வந்துவிட்டான். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

“என்னண்ணே இது கோலம்? போன வாரம் உரம் கேட்டு வந்தப்ப நல்லாத்தானே நின்னீங்க?”

சும்மா உட்கார்ந்திருக்கிறேன், எண்பது வயது மாமனார் தள்ளுகிறார் என்று எப்படிச் சொல்வது? “அது… லேசா சுளுக்கு” என்றான் மனோகரன்.

நீலமேகம் திரும்பித் தன் மனைவியிடம், “கால்ல ஏதோ வந்துடுச்சாம்” என்றான். அவள் பின்னால் நின்றவளிடம் சொன்னாள். மோர்ப் பந்தலைத் தாண்டுவதற்குள் அது, ‘இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்லையாம்’ என்று வளர்ந்திருந்தது.

“தள்ளுங்க பெரியவரே, நான் பிடிக்கிறேன். வழி விடுங்கய்யா! வழி விடுங்க!” நீலமேகம் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டான். பெரியவர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். அதுவும் நல்ல பிடிமானம்தான்.

“அண்ணே, ஒண்ணு சொல்லணும்ணே” என்று நீலமேகம் காதருகில் விசும்பினான். “யூரியா இல்லன்னு நீங்க திருப்பி அனுப்புனப்ப, பதுக்கி வச்சுக்கிட்டு இல்லங்கிறான், இவன் கால் வெளங்காமப் போகன்னு வாய் விட்டுட்டேன்ணே. அம்மா சத்தியமா மனசறிஞ்சு சொல்லல.”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல நீலமேகம். அழாத. திங்கக்கெழமை வா, ரெண்டு மூட்டை தர்றேன்.”

விசும்பல் சட்டென்று நின்றது. “அப்ப மூட்டை இருக்கா?”

மனோகரன் முக்காட்டை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டான்.

நாற்காலி நேராகப் படித்துறைக்கே போய் நின்றது. எல்லாவற்றுக்கும் மேல்படியில் சாமி உட்கார்ந்திருந்தார். வெளுத்த காவி வேட்டி. நூல் சுற்றிய மூக்குக்கண்ணாடி. கீழே காவிரி நுங்கும் நுரையுமாகப் புதுத்தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்தது. சாமி மனோகரனைப் பார்த்தார். பிறகு அவனுக்குப் பின்னால் நின்ற பெரியவரைப் பார்த்தார். தாடிக்குள் உதடு லேசாக அசைந்தது.

“ஒங்களுக்கு என்ன?”

“ரெண்டு காலும் போச்சு சாமி!” என்று நீலமேகம் அலறினான்.

“அவரு சொல்லட்டும்.”

சாமி முன்னால் பொய் சொல்ல மனோகரனுக்குப் பயம். “எனக்கு ஒண்ணும் இல்ல சாமி” என்றான், தனக்கே கேட்காத குரலில்.

“எனக்கும் அப்படித்தான் தெரியுது. ஒண்ணும் இல்லன்னா எந்திரிங்க. பெரியவர் எவ்வளவு நேரம் நிப்பாரு?”

மனோகரன் எழுந்து நின்றான்.

முதலில் ஒரு பெண் குலவையிட்டாள். அப்புறம் அத்தனை பெண்களும் குலவையிட்டார்கள். “நின்னுட்டாரு! நின்னுட்டாருடா!” நீலமேகம் தரையில் விழுந்து கும்பிட்டான். கையில் இருந்த போன்கள் எல்லாம் ஒரே சமயத்தில் மேலே உயர்ந்தன.

“ஐயா, நான் ஒண்ணும் பண்ணலய்யா!” என்று சாமி இரண்டு கையையும் ஆட்டிச் சொன்னார். அவர் ஆசீர்வாதம் செய்கிறார் என்று நினைத்துக் கூட்டம் இன்னும் உரக்கக் கும்பிட்டது.

யாரோ மனோகரன் கழுத்தில் மாலையைப் போட்டார்கள். “அண்ணே, ரெண்டு அடி நடங்கண்ணே!” என்றான் நீலமேகம். மனோகரன் இரண்டு அடி நடந்தான். கைதட்டல் தோப்பைத் தாண்டிக் கேட்டது. இன்னும் இரண்டு அடி நடந்தான். ஒரு தாய் தன் குழந்தையை அவன் காலடியில் போட்டு எடுத்தாள். நடந்ததற்காக அவனை யாரும் கைதட்டிப் பாராட்டி நாற்பத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. நெஞ்சு தானாக நிமிர்ந்தது. முக்காடு போட்டிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, படித்துறைக்கும் மண்டபத்துக்கும் நடுவே ஒரு முழுச் சுற்று கம்பீரமாக நடந்து காட்டினான்.

அந்தச் சந்தடியில் குஞ்சிதபாதம் சாமிக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, பிரசாத வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். “மேலத்தெரு வாய்க்கால்ல தண்ணி ஏறிடுச்சா?” என்று சாமி கேட்டார். “எங்க சாமி ஏறுச்சு. மதகு அடைச்சுக் கெடக்கு” என்றார் இவர். இருவரும் வெகுநேரம் பேசினார்கள்.

போன் அடித்தது. மனைவி பிரதீபா.

“ஏங்க, உங்களுக்கு எப்ப கால் போச்சு?”

“யாரு சொன்னா?”

“வலங்கைமான் பூரா வீடியோ ஓடுது! எண்பது வயசு மனுஷன், எங்கப்பா, மூச்சு வாங்கத் தள்ளிக்கிட்டு வர்றாரு. நீங்க மகாராஜா மாதிரி சாய்ஞ்சு உக்காந்திருக்கீங்க!”

“அது மாமாவுக்குப் பிடிமானத்துக்கு…”

“அவரைச் சாமி பாக்கக் கூட்டிட்டுப் போனீங்களா, இல்ல வண்டி இழுக்கக் கூட்டிட்டுப் போனீங்களா? உங்களுக்குப் பரிவட்டம் ஒரு கேடா? அக்கா வீட்டுக்காரருக்கே கட்டச் சொல்லி அப்பாகிட்ட நானே சொல்றேன்.”

வைத்துவிட்டாள்.

கழுத்து மாலை திடீரென்று கனத்தது. கண்ணுக்கு முன்னால் வெற்றிசெல்வனின் தலையும், அதில் பட்டும், மேளமும் வந்து நின்றன. தான் எங்கேயோ இரண்டாவதாக நின்று கும்பிட்டுக்கொண்டிருப்பதும் தெரிந்தது. நடக்கத் தெரிந்த காலை இழுத்துக்கொண்டு மாமனாரிடம் போனான்.

“மாமா… பிரதீபா ரொம்பக் கோவமா பேசுறா.”

பெரியவர் வாழைப்பழத் தோலை ஓரமாக வைத்துவிட்டு, அவன் கையைப் பிடித்து எழுந்தார்.

“அவ கெடக்கா. என் மேல உள்ள பாசத்துல பேசுறா. நான் பாத்துக்கிட்டுத்தானே வந்தேன். எனக்கு ஒரு பிடிமானம் வேணுங்கிறதுக்காக, அத்தனை சனத்துக்கு முன்னால கௌரவத்தை விட்டுட்டு உக்காந்தீங்க. பெத்த புள்ளையா இருந்தாலும் உக்காந்திருக்க மாட்டான்.” குரலைத் தாழ்த்தினார். “பரிவட்டம் உங்களுக்குத்தான் மாப்ளே. திருவிழா வரைக்கும் வெளிய சொல்லிக்காதீங்க.”

மனோகரனுக்குக் கண் நிறைந்துவிட்டது. கட்டாத பட்டு தலையில் இறுக்கமாக உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது. வீடியோ ஓடட்டும். பிரதீபா திட்டட்டும். நீலமேகம் திங்கட்கிழமை இரண்டு மூட்டைக்குப் பதிலாக மூன்று வாங்கிக்கொள்ளட்டும். மாமனாரைத் தோளோடு அணைத்துப் பிடித்தபடி, காலி நாற்காலியை எழில்மொழியிடம் ஒப்படைத்துவிட்டு, தலையை ஒரு இம்மி கூடத் தாழ்த்தாமல் வெளியே நடந்தான். வேதாரண்யத்து உப்பளம் அவன் கண்ணுக்குக் கடுகு மாதிரி தெரிந்தது.

வாசலில் செருப்பு பார்த்துக்கொள்கிற செவ்வந்தி, மனோகரனிடம் மட்டும் டோக்கனை வாங்கிக்கொண்டாள். பெரியவரின் தோல் செருப்பைக் கேட்காமலேயே எடுத்துவந்து அவர் காலடியில் திருப்பி வைத்தாள். மாலையும் கழுத்துமாக நின்ற மனோகரனை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“இந்த மாப்பிள்ளையும் எந்திரிச்சு நடந்துட்டாரா பெரியவரே? போன வாரம் நடந்த உங்க பெரிய மாப்பிள்ளையும் இதே மாதிரிதான் நெஞ்சை நிமித்திக்கிட்டு வந்து, ‘பரிவட்டம் எனக்குத்தாம்மா, வெளிய சொல்லிடாத’ன்னுட்டுப் போனாரு!”