சொல்லாமல் விட்ட சீனி

நான் நீதிபோதனை வாத்தியார். பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்றுதான்: எதையும் செய்யும் முன் நன்மை எம்புட்டு, தீமை எம்புட்டு என்று எடை போடு. போன ஜூன் மாதம் அந்தத் தராசை நானே தூக்க வேண்டி வந்தது.

சர்க்கரை முந்நூறு என்றார் டாக்டர். என் வகுப்பில் யாரும் அவ்வளவு மார்க் வாங்கியதில்லை. அன்றைக்கே என் மனைவி அற்புதமேரி சீனி டப்பாவை நாடு கடத்திவிட்டாள்.

ஆனால் தினமும் காலையில் நான் 'வாக்கிங்' போவேன். வீட்டிலிருந்து சின்னத்தாயின் டீக்கடை வரை.

"சீனி தூக்கலா ரெண்டு டீ, தாயி."

"இன்னொருத்தர் யாரு சார்?"

"அவரும் நான்தான்."

மேரியிடம் சொல்லிவிடலாமா? எடை போட்டேன். சொன்னால் அவள் அழுவாள், நான் திட்டு வாங்குவேன், டீயும் போகும். சொல்லாவிட்டால் என் உடம்பைத் தவிர யாருக்கும் தீங்கில்லை. சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். நூற்று நாற்பது! டாக்டர் கைகுலுக்கினார். வெற்றி மிதப்பில் வீட்டுக்கு வந்து உளறிவிட்டேன்.

"மேரி, நான் தெனமும் சின்னத்தாய் கடையில சீனி போட்டு ரெண்டு டீ குடிச்சேன். ஒண்ணும் ஆகல பாரு!"

"குடிச்சது தெரியும். அதுல சீனி இல்ல."

"என்னது?"

"மொத வாரமே அவ சொல்லிட்டா. சீனித்துளசிப் பொடி வாங்கிக் குடுத்தேன். இனிக்கும், சர்க்கரை ஏறாது."

"மூணு மாசமா ஏமாத்திருக்க! இது தப்பில்லையா?"

அவள் கீரை ஆய்ந்துகொண்டே இருந்தாள். "சொன்னா வேற கடைக்குப் போவீங்க. சொல்லாட்டி நல்லா இருப்பீங்க. சர்க்கரையால எங்கப்பாவுக்குக் காலையே வெட்டி எடுத்தாங்களே, பக்கத்துல நின்னது நான்தான். அதான் சொல்லல."

இருபது வருட நீதிபோதனையை ஒரு கட்டுக் கீரைக்குள் முடித்துவிட்டாள்.

ஆனாலும் நாக்கு என்று ஒன்று இருக்கிறதே. மறுநாள் ஸ்கூட்டரை முடுக்கினேன். எங்கள் கோச்சடையில் கிளம்பி, நாலைந்து ஏரியா தாண்டி ஆனையூரில் போய்த்தான் நிறுத்தினேன். முன்பின் தெரியாத கடை, தெரியாத முகம்.

"அண்ணே, சீனி தூக்கலா ஒரு டீ."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். கைபேசியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"பெனடிக்ட் சார்தானே? உங்க போட்டோ எங்க டீக்கடை வாட்ஸ்அப் குரூப்புல நேத்தே வந்துருச்சு. உக்காருங்க சார். மாத்திரை போட்டாச்சான்னு மேரி அக்கா கேக்கச் சொன்னாங்க."