வேலை போன வீட்டில் நான் வைத்த ஒப்பாரி

எந்த வீட்டுக்கு எப்படிப் போக வேண்டும் என்பதற்கு எங்கள் பக்கம் ஒரு முறை இருக்கிறது. காதுகுத்து வீட்டுக்குச் சிரித்த முகத்தோடு போக வேண்டும். சீக்காளியைப் பார்க்க ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிப் போக வேண்டும். சாவு விழுந்த துஷ்டி வீட்டுக்கு வெறுங்கையோடு போய், கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, 'போயிட்டு வாரேன்' என்று சொல்லாமல் திரும்ப வேண்டும். ஆனால் வேலை போன வீட்டுக்கு எப்படிப் போவது? அதிலும் வேலை தப்பித்தவள் எப்படிப் போவது? இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. (சொல்லித் தந்திருந்தால் வடுகபட்டியில் ஒரு தெருவே என்னைப் பார்த்துச் சிரிக்காது.)

தேனியில் வாழைக்கன்று விற்கும் ஒரு கம்பெனியின் கிளை ஆபீசில் எனக்கு வேலை. அமுதா அக்காவுக்கும் அதே வேலைதான். விவசாயிகள் போன் செய்வார்கள். எந்த ரகம், எத்தனை கன்று, என்றைக்கு வண்டி வரும் என்று பேசி எழுதிக்கொள்வோம். எட்டு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. மதியம் அக்காவின் பூண்டுக் குழம்பை நான் காலி செய்வேன். என் எலுமிச்சை சாதத்தை அக்கா பாவம் பார்த்துச் சாப்பிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை மேனேஜர் ஆட்குறைப்பு என்று சொல்லிப் பெயர்களை வாசித்தார். பாதி ஆபீஸ் போய்விட்டது. எங்கள் இருவரில் ஒருவர் போதுமாம். அந்த ஒருவர் நானாம். ஏன் நான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்கா டிபன் பாக்சைப் பையில் வைத்தார். மேசையைத் துடைத்தார். "சரி கௌசி, பாத்து இரு" என்றார். நான் அணைந்து கிடந்த கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டு, ஏதோ அவசர வேலை போல மவுசை வேறு நகர்த்தினேன்.

திங்கட்கிழமை முதல் இரண்டு போனும் எனக்குத்தான். எடுத்ததும் "அமுதாவா?" என்பார்கள். இல்லை என்றால், ஏன், என்னாச்சு, லீவா, எப்ப வருவாக என்று கேள்வி மேல் கேள்வி. ஒவ்வொருவருக்கும் அந்த வெள்ளிக்கிழமையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. மறுநாள் "அமுதாவா?" என்றதும் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன். அதுவே பழகிப்போனது. இரண்டு வாரம் அமுதாவாகவே வாழ்ந்தேன். ஒருவருடைய மகள் கல்யாணத்துக்கு அமுதாவாக வருவதாக வாக்குக்கூடக் கொடுத்தேன். ஆனால் உண்மையான அமுதாவுக்கு ஒரு போன் போடத் தைரியம் வரவில்லை. நான்தான் மேனேஜரிடம் ஏதோ ஓதித் தப்பித்துக்கொண்டேன் என்று அக்கா நினைத்திருந்தால்?

கடைசியில் தேவதானப்பட்டியிலிருந்து ஒரு பெரியவர் பேசினார். "ஒன்னைய வேலைய விட்டு எடுத்துட்டாகன்னு எவனோ சொன்னான் ஆத்தா. ரெண்டு நாளா மனசே சரியில்ல. நீ இருக்கியே, அது போதும். நல்லாரு." போனை வைத்துவிட்டுப் பாத்ரூமில் போய் அழுதேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

என்ன வாங்கிப் போவது என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஸ்வீட் வாங்குனா நீ தப்பிச்சதக் கொண்டாடுற மாதிரி இருக்கும். பழம் வாங்குனா அவுகளுக்குச் சீக்கு மாதிரி இருக்கும். வெறுங்கையோட போ" என்றார். நல்ல யோசனைதான். ஆனால் வெறுங்கையோடு போகிற வீடு எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். பெரியகுளம் தாண்டும்போதே என் முகம் அதற்குத் தயாராகிவிட்டது.

எட்டு வருடத்தில் வடுகபட்டியில் இருக்கும் அக்கா வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. அக்கா வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். பேச வேண்டியதை எல்லாம் பஸ்ஸில் மனப்பாடம் செய்துதான் வந்திருந்தேன். ஆனால் கை தானாக நீண்டு அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. "என்னைய இருக்க விட்டு ஒன்னையக் கொண்டு போயிட்டாகளே அக்கா" என்று ராகம் போட்டு அழுதேன். என் அம்மா ஒப்பாரிக்குப் பேர் போனவர். அந்தக் குரல் எனக்கும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சத்தம் கேட்டு அக்காவின் மாமியார் வெளியே வந்தார். அவர் மகன் விடிகாலையில் வேனை எடுத்துக்கொண்டு பூண்டு ஏற்ற மலைக்குப் போயிருந்தார். முன்பின் தெரியாத ஒருத்தி மருமகளைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். அந்தத் தாய் வேறு என்ன நினைப்பார்? "ஐயோ, ஏ ராசா" என்று படியிலேயே சாய்ந்துவிட்டார். அதைப் பார்த்த எதிர்வீட்டு அம்மாள் கொண்டையை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தார். இரண்டே நிமிடத்தில் ஆறேழு பெண்கள் வட்டம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார். முகம் வெளுத்திருந்தது. "கௌசி, அவுகளுக்கு என்னடி ஆச்சு? ஒனக்கு யாரு சொன்னா?"

"யாருக்கு?" என்றேன் விக்கலோடு.

அந்த நேரம் பார்த்து வேன் வந்து நின்றது. அக்காவின் கணவர் இறங்கினார். வாசலில் கூட்டம், படியில் தாய். மனிதர் ஓடிவந்து தாயின் காலைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். மாமியார் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"ஏலே, நீ இருக்கியா?"

"நீ இருக்கியா ஆத்தா?"

எதிர்வீட்டு அம்மாள் கொண்டையைத் திரும்ப முடிந்துகொண்டே கேட்டார். "அப்ப இங்கன செத்தது யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அக்காவுக்கு வேலை போயிருச்சு" என்றேன்.

முதலில் சிரித்தது அக்காதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர், அப்படியே என் மடியில் முகத்தை வைத்து அழுதார். வேலை போன நாளிலிருந்து அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று மாமியார் பிறகு சொன்னார். வட்டம் போட்டிருந்த பெண்கள் யாரும் எழுந்து போகவில்லை. அக்கா அழுது முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரு போன் பண்ணலையேடி. எம்மேல என்ன கோவமோன்னு நெனச்சுக் கெடந்தேன்" என்றார் அக்கா. நான் பயந்துகொண்டிருந்த அதே இரண்டு வாரமும் அவரும் பயந்துகொண்டிருந்திருக்கிறார். நான் அவர் பெயரில் வாழ்ந்த கதையை எல்லாம் ஒப்புக்கொண்டேன். "கல்யாணத்துக்கு வேற வாரேன்னுட்டியா? அப்ப ரெண்டு பேருமே போவோம். எது அமுதான்னு அவுகளே கண்டுபிடிக்கட்டும்" என்றார்.

பூண்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, வெட்கத்தில் ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினேன். பின்னாலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "ஏத்தா, போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போ. இங்கன யாரும் சாகல."

அக்கா இப்போது பெரியகுளத்தில் ஒரு நாற்றுப் பண்ணையில் இருக்கிறார். ஆபீசில் அவர் நாற்காலி இன்னும் காலிதான். சில நாள் போன் அடிக்கும். எடுத்ததும் "அமுதாவா?" என்று ஒரு குரல் கேட்கும். யார் என்று எனக்குத் தெரியும். "ஆமாங்க, சொல்லுங்க" என்பேன்.

"ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாடி. எல்லாரும் உசுரோடதான் இருக்கோம்" என்பார் அமுதா அக்கா.